ஈர நெற்றியில் காய்ச்சல் தெரியாது

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இன்றைக்கு நான் பேசப்போவது ஒரு சின்னக் கருவியைப் பற்றி. 2020-க்கு முன்னாடி நம்மில் பலர் அதைப் பார்த்ததுகூட இல்லை. அதற்கப்புறம் ரெண்டு வருஷம், எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் ஒருத்தர் அதை நெற்றிக்கு நேரா நீட்டினார். ஆமாம், அந்தக் காய்ச்சல் துப்பாக்கிதான். அகச்சிவப்பு தெர்மாமீட்டர்.

இதைப் பேசக் காரணம், போன சீசனில் குற்றாலத்தில் நடந்த ஒரு விஷயம்.

அம்மாவுக்கு ஊர் தென்காசி. ஜூலையில் சாரல் பிடிச்சதும் குடும்பமா கிளம்பிப் போயிருவோம். அன்னைக்குக் காலையில ஐந்தருவி. கூட்டம் அதிகம், தண்ணியும் அதிகம். அக்கா மகளுக்கு அஞ்சு வயசு. கால் மணி நேரம் குளிச்சிருப்பாள். வெளியே வந்ததும் நடுங்க ஆரம்பிச்சாள். அருவியில் குளிச்சா எல்லாரும்தான் நடுங்குவோம், அதனால் யாரும் பெரிசா எடுத்துக்கல. ஆனால் துண்டால் போர்த்தி, கார்ல உட்கார வச்ச பிறகும் நடுக்கம் நிக்கல. வழியில ஒரு மெடிக்கல் ஷாப்பில் நிறுத்தினோம். கடைத் தம்பி உடனே துப்பாக்கியை எடுத்து நெற்றியில் காட்டினார். 96.1. "காய்ச்சல்லாம் இல்லக்கா. குளிருதான். சூடா எதாவது குடுங்க" என்றார். எங்களுக்கும் நிம்மதி.

வீட்டுக்கு வந்ததும் ஆச்சி பிள்ளையைத் தூக்கி மடியில் போட்டாள். போட்ட வேகத்தில் சொன்னாள்: "ஏட்டி, பிள்ளைக்கு மேலு சுடுதே!" நான் உடனே, "இல்ல ஆச்சி, இப்பதான் மெசின்ல பாத்தோம், ஒண்ணும் இல்ல" என்றேன். "மெசினு கெடக்கட்டும். நெத்தியத் தொடாத, கழுத்தத் தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்தேன். சுட்டது. அக்குளில் வைக்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டரைத் தேடி எடுத்து வைத்தோம். 101.4.

குழந்தை நல்லா இருக்கா. டாக்டர் பார்த்தார், வைரல் காய்ச்சல் என்றார், மூணு நாளில் சரியாப்போச்சு. ஆனால் எனக்கு அந்த ரெண்டு எண்ணும் மண்டையில் ஓடிக்கிட்டே இருந்தது. அரை மணி நேர இடைவெளியில், அஞ்சு டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் வித்தியாசம் எப்படி? அந்தத் துப்பாக்கி ரிப்பேர் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். மறுநாள் அதே கடைக்குப் போய் என் நெற்றியில் காட்டச் சொன்னேன். 98-ஐ ஒட்டித்தான் காட்டியது. கருவியில் கோளாறு இல்லை. கடைத் தம்பி மேலும் தப்பில்லை, எல்லாரும் செய்வதைத்தான் அவரும் செய்தார்.

சரி, அப்போ என்னதான் நடந்தது?

முதலில் இந்தக் கருவி எதைப் பார்க்கிறது என்று தெரியணும். சூடுள்ள எல்லாப் பொருளும், அதாவது நாம், சுவர், அருவி, அருவிப் பாறை எல்லாமே அகச்சிவப்புக் கதிரை வெளியே விட்டுக்கொண்டே இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத ஒளி. 1800-ல் வில்லியம் ஹெர்ஷெல் என்ற வானியலாளர், சூரிய ஒளியை முப்பட்டகத்தில் பிரித்து, சிவப்பு நிறத்தைத் தாண்டி, ஒன்றுமே தெரியாத இடத்தில் ஒரு தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தார். அங்கே சூடு ஏறியது. அதே கதிர்தான். நம் உடம்புச் சூட்டில் இருக்கிற பொருள் விடும் கதிரில் ஒன்பது, ஒன்பதரை மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் இருப்பதுதான் அதிகம். துப்பாக்கியின் உள்ளே இருக்கிற தெர்மோபைல் என்ற சென்சார் அந்தக் கதிரை வாங்கி, எவ்வளவு வந்தது என்று கணக்குப் போட்டு, வெப்பநிலையாகச் சொல்கிறது. அது எதையும் வெளியே அனுப்புவதில்லை. கொரோனா நேரத்தில் "இதை நெற்றியில் காட்டினா மூளை நரம்பு பாதிக்கும்" என்று ஒரு வாட்ஸப் வதந்தி சுற்றியது ஞாபகம் இருக்கா? அதைப் பார்த்துவிட்டுப் பாதிப் பேர் நெற்றிக்குப் பதிலா உள்ளங்கையை நீட்டினார்கள். கேமரா நம்மைப் பார்ப்பதால் நமக்கு என்ன ஆகுமோ, இதிலும் அவ்வளவுதான் ஆகும்.

அந்தக் கதிர் வருவது பரப்பிலிருந்து மட்டும். தோலின் மேல் தண்ணீர் இருந்தால், வருவது தண்ணீரின் கதிர்.

இதுதான் பலருக்கும் தெரியாத இடம். கண்ணுக்குத் தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கிறது. ஆனால் இந்த அலைநீளத்தில் தண்ணீர் கரி பூசின சுவர் மாதிரி, ஒளி ஊடுருவாது. பத்து மைக்ரோமீட்டர் கதிர் தண்ணீருக்குள் போகிற ஆழம் ஏறக்குறைய பதினாறு மைக்ரோமீட்டர்தான். ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. அப்போ, துண்டால் ஒரு ஒத்து ஒத்திவிட்டு, "துடைச்சாச்சு" என்று நாம் நினைக்கிற நெற்றியிலும், கூந்தலில் இருந்து சொட்டுகிற தண்ணீர் மெல்லிய படலமாக இருந்தால், சென்சார் பார்ப்பது அந்தப் படலத்தை. குற்றாலத்துத் தண்ணீர் நம் உடம்பைவிடப் பத்து டிகிரி செல்சியஸுக்கு மேல் குளிர்ச்சி. அது உலரும்போது இன்னும் சூட்டை உறிஞ்சும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. சென்னையில் குளித்துவிட்டு ஃபேனுக்கு அடியில் நின்றால் அஞ்சு நிமிஷத்தில் உலர்ந்துவிடும். சாரல் நேரத்துக் குற்றாலத்தில் காற்றிலேயே அவ்வளவு ஈரம். காலையில் கொடியில் போட்ட துண்டு சாயங்காலமும் ஈரமாத்தான் இருக்கும். நெற்றியும் அப்படித்தான், உலர்கிறது என்று நாம் நினைக்கிற நேரத்துக்கு உலராது.

சரி, நல்லா துடைச்சாச்சு, தோல் காய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்பவும் பிரச்சினை முடியவில்லை. குளிர்ந்த தண்ணீர் பட்டதும் தோலுக்கு அடியில் இருக்கிற ரத்தக் குழாய்கள் சுருங்கும். உள்ளே இருக்கிற சூட்டைக் காப்பாற்ற உடம்பு செய்கிற வேலை அது. உள்ளே 38.5 இருக்கலாம், வெளியே தோல் சில்லென்று இருக்கும். காய்ச்சல் ஏறுகிற நேரத்திலும் உடம்பு இதையே செய்யும். நடுக்கம் வருவது, கை கால் சில்லிடுவது எல்லாம் அதுதான். ஆக, எந்த நேரத்தில் காய்ச்சலைக் கண்டுபிடிக்கணும் என்று நாம் தவிக்கிறோமோ, அந்த நேரத்தில்தான் தோல் அதை மறைக்கிறது. அன்னைக்கு அக்கா மகளுக்கு ஈரம், குளிர்ந்த தோல், ஏறிக்கொண்டிருந்த காய்ச்சல் மூணும் ஒண்ணா சேர்ந்துவிட்டது. கழுத்தின் பக்கவாட்டில் பெரிய ரத்தக் குழாய் ஓடுகிறது, துண்டுக்குள் மூடியும் இருந்தது. ஆச்சி கை வைத்த இடம் சரியான இடம். ஆனால் ஆச்சியின் கை சொல்வது "சுடுது, சுடல" என்பதோடு சரி. 101.4 என்று தெர்மாமீட்டர்தான் சொல்லணும்.

இதில் என்னை உறுத்தியது அந்த 96.1. அந்த எண்ணைக் கேட்டதும் நாங்க எல்லாரும் ஏன் நிம்மதியானோம்? ஆரோக்கியமான குழந்தைக்கு 98-ஐ ஒட்டி இருக்கணும். 96.1 என்பதே சரியில்லாத எண். அதைப் பார்த்தவுடன் "ஏதோ தப்பா அளந்திருக்கோம்" என்று தோன்றியிருக்கணும். ஆனால் நமக்குக் காய்ச்சல் என்றால் 100-க்கு மேல். அதற்குக் கீழே எந்த எண் வந்தாலும் நிம்மதிதான்.

கொரோனா காலத்தை யோசிச்சுப் பாருங்க. தென்காசி 2019 நவம்பர் 22-ல்தான் தனி மாவட்டமாகத் தொடங்கியது. நாலே மாசத்தில் ஊரடங்கு. செங்கோட்டையைத் தாண்டினால் புளியரைச் சோதனைச் சாவடி, அந்தப் பக்கம் ஆரியங்காவு, கேரளா. எல்லையில் வண்டிகளை நிறுத்தி இந்தத் துப்பாக்கியை வைத்துப் பார்த்தார்கள். நம்ம ஊர் ஜவுளிக் கடை, வங்கி, கோயில் வாசல் எல்லா இடத்திலும் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. பெயர், போன் நம்பர், டெம்பரேச்சர். என் பெயருக்கு நேரே எத்தனையோ தடவை 94, 95 என்று எழுதியிருக்கிறார்கள். உங்களுக்கும் எழுதியிருப்பார்கள். 95 பாரன்ஹீட் என்பது 35 டிகிரி செல்சியஸ். உடம்பின் உள் வெப்பம் அதற்குக் கீழே போனால் மருத்துவத்தில் அதற்கு ஹைப்போதெர்மியா என்று பெயர். பனிமலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு வருகிற அவசர நிலை! அந்த நோட்டுப் புத்தகத்தின்படி, தமிழ்நாட்டில் பாதிப் பேர் உறைந்துபோகிற நிலையில் சேலை எடுக்க வந்திருந்தார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

வெயிலில் கதை தலைகீழ். மே மாசம் ஹெல்மெட் போட்டுக்கொண்டு பைக்கில் வந்து இறங்கினவருடைய நெற்றி, உள்ளே எந்தக் காய்ச்சலும் இல்லாமலேயே சுடும். ரெண்டு நிமிஷம் நிழலில் நிற்க வைத்தால் இறங்கலாம், இறங்காமலும் போகலாம்.

அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இந்தக் கருவிகளைப் பயன்படுத்த ஒரு வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. அதைப் படிச்சப்போ எனக்குச் சிரிப்பு வந்தது. காற்று வீசாத இடமாக இருக்கணும், நேர் வெயில் படக்கூடாது, சுற்றுப்புறம் 16-லிருந்து 40 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கணும், காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே இருக்கணும், நெற்றி சுத்தமாக, உலர்ந்து, எதுவும் மறைக்காமல் இருக்கணும். சாரல் அடிக்கிற குற்றாலத்தில் இதில் வெப்பநிலை ஒண்ணுதான் தேறும். மேற்குத் தொடர்ச்சி மலையில் செங்கோட்டைப் பக்கம் இருக்கிற கணவாய் வழியாகத்தான் கேரளத்து மழைக்காற்று உள்ளே வருகிறது. தென்காசிக் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும், காசி விஸ்வநாதர் கோயில் கோபுர வாசலில் நின்றால் காற்று ஆளைத் தள்ளும். வேட்டியைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கணும். அந்த இடத்தில் நெற்றியை அளந்தால், காற்று எவ்வளவு சூட்டைக் கொண்டுபோனதோ அவ்வளவும் ரீடிங்கில் குறையும். நெற்றியில் விபூதிப் பட்டை, சந்தனம், குங்குமம் இருந்தால் சொல்லவே வேண்டாம். ஈரச் சந்தனம் வைப்பதே குளிர்ச்சிக்காகத்தானே.

குற்றாலத்துக்கே உரிய இன்னொண்ணு எண்ணெய் மசாஜ். தோல் மேல் எண்ணெய்ப் படலம், போதாக்குறைக்குத் தேய்த்த தேய்ப்பில் ரத்த ஓட்டம் கூடித் தோல் சூடாகியிருக்கும். மசாஜ் முடித்து வந்தவரை உடனே அளந்தால் வருவது தேய்த்தவருடைய கை பலம்.

குளித்தாலோ, ஓடியாடினாலோ, மசாஜ் செய்தாலோ அரை மணி நேரம் பொறுத்துத்தான் அளக்கணும். காற்று வீசாத ஒரு அறையில், உலர்ந்த நெற்றியோடு உட்கார்ந்த பிறகு. அளக்கிற கருவிக்கும் அதே விதி. பத்திலிருந்து முப்பது நிமிஷம் அதே அறையில் இருக்கணும். இது ஏன் என்று யாரும் விளக்குவதில்லை. சென்சார் உண்மையில் பார்ப்பது நெற்றிக்கும் தனக்கும் இருக்கிற வித்தியாசத்தை. தன்னுடைய சூடு என்ன என்று உள்ளே ஒரு குட்டி தெர்மாமீட்டர் வைத்து அளந்து, அந்த வித்தியாசத்தோடு கூட்டிச் சொல்கிறது. ஏசி காரின் டேஷ்போர்டில் கிடந்த துப்பாக்கியை எடுத்து, சட்டென்று வெளியே நீட்டினால், அதன் ஒரு பக்கம் குளிர்ந்தும் ஒரு பக்கம் சூடாகியும் இருக்கும். கணக்கு தப்பும். குற்றாலம் மாதிரி ஈரக் காற்றில் அதன் லென்ஸில் பனியும் படியும். ஏசியிலிருந்து இறங்கினால் கண்ணாடி போட்டவர்களுக்கு மங்குமே, அதேதான். லென்ஸ் மேல் தண்ணீர் என்றால் முன்னே சொன்ன கதைதான், சென்சார் தன் கண்ணீரையே அளந்துகொண்டிருக்கும்.

இப்போ கேட்கிறவர்களில் சிலர் எலக்ட்ரானிக்ஸ் பக்கம் இருப்பீர்கள். கல்லூரி புராஜெக்ட்டில் எம்எல்எக்ஸ்90614 சென்சாரைத் தொடாதவர்கள் குறைவு. என்னிடமும் 2020-ல் வாங்கினது ஒண்ணு இருந்தது. மழையில் வெளியே போக முடியாத ரெண்டு நாளும் அதைத்தான் நோண்டிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் இவங்களுக்காக. மத்தவங்களும் கேளுங்க, ஒரு டம்ளர் வித்தை வருது.

இந்தச் சென்சார் 0.02 டிகிரி படிகளில் எண் தரும். திரையில் 36.47 என்று பார்த்தவுடன் ரொம்பத் துல்லியம் என்று மயங்கிவிடுவோம். ஆனால் பொதுவாகக் கிடைக்கிற வகையின் துல்லியம் அறை வெப்பநிலை அளவுகளில் கூட்டியோ குறைத்தோ அரை டிகிரி செல்சியஸ். மருத்துவத்துக்கென்று இன்னும் துல்லியமான தனி வகை உண்டு, விலையும் தனி. காய்ச்சல் பார்க்கிற வேலையில் அரை டிகிரி என்பது பெரிய விஷயம். 37.7-ம் 38.2-ம் ஒண்ணா?

ஆனால் அரை டிகிரியைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன்னாடி ரெண்டு டிகிரித் தப்பைச் சரிபண்ணணும். அது பார்வைக் கோணத்தில் இருக்கிறது. சாதாரண வகைக்குக் கோணம் 90 டிகிரி. அதாவது அஞ்சு சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் அது பார்ப்பது பத்து சென்டிமீட்டர் அகல வட்டம். நம்ம நெற்றி அவ்வளவு உயரமா? புருவம், முடி, பின்னால் இருக்கிற சுவர் எல்லாம் உள்ளே வந்துவிடும். ஒரு கணக்குப் போட்டேன். நெற்றி 34 டிகிரி, சுவர் 24 டிகிரி, வட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு சுவர் என்றால், ரீடிங் 32-க்கு வந்துவிடும். கோடு எழுதினவர் கோடில் தப்புத் தேடிக்கொண்டிருப்பார். ரெண்டு சென்டிமீட்டருக்குக் கிட்டே கொண்டுபோனால் பாதித் தலைவலி தீரும். சிவப்பு லேசர் புள்ளி வைத்த தொழிற்சாலைத் துப்பாக்கிகளை நம்பி ஏமாறாதீங்க. புள்ளி சின்னதாக இருப்பதால் அது அளக்கிற இடமும் சின்னது என்று அர்த்தமில்லை. அந்த லேசரை யார் கண்ணுக்கும் நேரே காட்டவும் கூடாது.

அடுத்தது உமிழ்திறன். ஒரு பரப்பு தன் சூட்டை எவ்வளவு முழுசா கதிராக விடுகிறது என்கிற எண். முழுசா விட்டால் 1. மனிதத் தோலுக்கு 0.98. தோலின் நிறம் கறுப்போ மாநிறமோ, இந்த அலைநீளத்தில் எல்லாத் தோலும் ஏறக்குறைய ஒண்ணுதான். கண்ணுக்குத் தெரிகிற நிறம் அங்கே கணக்கில் இல்லை. சென்சார் தொழிற்சாலையிலிருந்து வரும்போது 1 என்று வைத்துத்தான் வருகிறது. அப்படியே விட்டால், அறை 24-ல், தோல் 34-ல் இருக்கும்போது 0.2 டிகிரி குறைவாகக் காட்டும். சில தொழிற்சாலைத் துப்பாக்கிகளில் 0.95 என்று நிலையாக வைத்திருப்பார்கள், அது 0.3 கூட்டிக் காட்டும். சென்சாரின் நினைவகத்தில் அதை மாற்றலாம். 0.98-க்கு எழுத வேண்டிய எண் 64224.

மூணாவது, இது நான் டேட்டாஷீட்டை ரெண்டாவது தடவை படிக்கும்போதுதான் கண்ணில் பட்டது. 3 வோல்ட் வகையைத் தொழிற்சாலையில் சரியா 3 வோல்ட்டில் வைத்துத்தான் அளவு பார்த்திருக்கிறார்கள். ஒரு வோல்ட் கூடினால் 0.6 டிகிரி கூடும். நாம் எல்லாரும் ஈஎஸ்பி32 போர்டிலிருந்து 3.3 வோல்ட் கொடுக்கிறோம். அதிலேயே 0.18 டிகிரி கூடிவிட்டது. கோடில் கழித்துவிடணும். அந்த போர்டின் வைஃபை சிப் சூடாகும், அதைச் சென்சாருக்கு ஒட்டி வைக்காதீங்க. சென்சாரின் உலோக மூடியை விரலால் பிடிக்காதீங்க. அழகுக்கு முன்னாடி அக்ரிலிக் ஷீட் ஒட்டாதீங்க, அக்ரிலிக் இந்தக் கதிரை விடாது. ஒரே ரீடிங்கை எடுக்காமல், பத்துப் பதினைந்து எடுத்து நடு மதிப்பை வையுங்க. சென்சார் தன் சூட்டையும் தனியாகத் தரும். அது வேகமாக ஏறியோ இறங்கியோ கொண்டிருந்தால், "பொறு" என்று திரையில் காட்டச் சொல்லுங்க. இது எழுத நாலு வரிதான்.

இப்போ டம்ளர். வீட்டில் எவர்சில்வர் டம்ளரில் சூடா காபி ஊற்றுங்க. வெளிப்பக்கத்தைத் துப்பாக்கியால் அளந்தால், ஆற வச்ச காபி மாதிரி ஒரு எண் வரும். தொட்டால் கை சுடும். எவர்சில்வரின் உமிழ்திறன் ரொம்பக் குறைவு. அது கண்ணாடி மாதிரி, உங்க உடம்பின் கதிரையும் சுவரின் கதிரையும் திருப்பி அனுப்புகிறது. அதே டம்ளரில் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, அந்த டேப்பை அளங்க. எண் ஜம்ப் ஆகும். எங்க வீட்டில் இதைச் செய்து காட்டினப்போ ஆச்சிதான் ரொம்ப ரசிச்சாள். "அப்ப பளபளன்னு இருந்தா மெசினு ஏமாந்துரும்" என்றாள். ஆமா ஆச்சி.

உங்க சென்சார் சரியா என்று பார்க்க வீட்டிலேயே வழி இருக்கிறது. உயரமான, வாய் குறுகின ஒரு தகர டின், உள்ளே பளபளப்பில்லாத கறுப்பு பெயின்ட். அதைக் காலியாகவே, விளிம்பு வரைக்கும் ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்துங்க. உள்ளே தண்ணீர் போகக்கூடாது. வாளித் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே டிஜிட்டல் தெர்மாமீட்டரால் 37-க்குக் கொண்டுவாங்க. சென்சாரை டின்னின் வாயில் வைத்து உள்ளே பார்க்கச் சொல்லுங்க. கறுப்புப் பொந்துக்குள் பட்ட கதிர் திரும்பத் திரும்ப மோதி வெளியே வருவதால், அதன் உமிழ்திறன் கிட்டத்தட்ட 1. ஆகவே இந்தச் சோதனைக்கு மட்டும் அமைப்பை 1-க்கு மாற்றிக்கொள்ளணும். தண்ணீரும் சென்சாரும் ஒரே எண்ணைச் சொல்லணும். சொல்லவில்லையென்றால் எவ்வளவு வித்தியாசமோ அதைக் கூட்டியோ கழித்தோ கொள்ளலாம். தண்ணீர்ப் பரப்பை நேரடியாக அளக்காதீங்க. மேலே ஆவியாவதால் பரப்பு உள்ளே இருப்பதைவிடக் குளிர்ந்திருக்கும், ஆவி வந்து லென்ஸிலும் படியும்.

இவ்வளவும் செய்தால் தோலின் வெப்பநிலை சரியாகக் கிடைக்கும். தோலின் வெப்பநிலைதான். வசதியான அறையில் ஆரோக்கியமான நெற்றி 34-ஐ ஒட்டி இருக்கும், வாயில் வைத்தால் 37. கடைத் துப்பாக்கியில் உடம்பு, பரப்பு என்று ரெண்டு நிலை இருக்கும். உடம்பு நிலையில் வைத்தால், அளந்த 34-ஓடு ஒரு கணக்கைக் கூட்டி 37-ஐ ஒட்டிக் காட்டும். அந்தக் கணக்கு, நெற்றி உலர்ந்து, அறையோடு ஒத்துப்போய் இருக்கிறது என்று நம்பிப் போட்ட கணக்கு. அருவியிலிருந்து வந்த நெற்றிக்கும் அதையேதான் கூட்டும். எங்களுக்குக் கிடைத்த 96.1 அப்படி வந்த எண்தான். விமான நிலையம் மாதிரியான இடங்களில் கேமரா வைத்துப் பார்க்கும்போது கண்ணின் உள்மூலையைப் பார்க்கச் சொல்வதும் இதனால்தான். மூக்கை ஒட்டின அந்தச் சின்ன மூலை, நெற்றியைவிட உள்சூட்டுக்கு நெருக்கம்.

அதனால் துப்பாக்கியைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. தூங்குகிற குழந்தையை எழுப்பாமல் ராத்திரி ரெண்டு மணிக்குப் பார்க்க அதைவிட வசதியான கருவி இல்லை. ஒரே அறை, ஒரே இடம், ஒரே தூரம் என்று வைத்துக்கொண்டால், ஏறுகிறதா இறங்குகிறதா என்று நல்லாவே சொல்லும். அக்கா இப்போ அப்படித்தான் வைத்திருக்கிறாள். துப்பாக்கி 99-க்கு மேல் காட்டினாலும் அக்குள் தெர்மாமீட்டர், 97-க்குக் கீழே காட்டினாலும் அக்குள் தெர்மாமீட்டர். எண் என்னவாக இருந்தாலும், குழந்தை சோர்ந்து கிடந்தால், குடிக்க மறுத்தால், டாக்டர். மூணு மாசத்துக்குக் கீழே இருக்கிற கைக்குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 வந்தாலே உடனே டாக்டர், வீட்டில் வைத்துப் பார்க்கிற வேலையே கூடாது.

ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் பழைய குற்றாலம் போனோம். அக்கா மகளைத் தண்ணியில் இறக்கவில்லை, கரையில் உட்கார்ந்து மிளகாய் பஜ்ஜி தின்றாள். திரும்பி வரும்போது காரில் என் துப்பாக்கியை எடுத்து, எல்லார் நெற்றியையும் சுட்டுக்கொண்டே வந்தாள். குளித்துவிட்டு வந்த மாமாவுக்கு 94.8. "மாமா, நீங்க ஐஸ் ஆயிட்டீங்க" என்றாள்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். நீங்க வீட்டில் டம்ளர் சோதனை செய்து பார்த்தால் என்ன எண் வந்தது என்று எழுதுங்க.